கௌஸ்தினென்: நாலாயிரம் பேர் நடத்தும் ஊர்

பின்லாந்து வேலைக்காக அந்த மொழியைப் படிக்கும் நர்சிங் பிள்ளைகள் இப்போது நம் குமரி மாவட்டத்திலும் உண்டு. ஏஜென்சி ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் படம் ஹெல்சிங்கியாக இருக்கும். கைக்கு வரும் வேலை ஆணையிலோ, வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய ஒரு ஊர்ப்பெயர் இருக்கும். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை; ஆள் பற்றாக்குறை அப்படிப்பட்ட ஊர்களில்தான் அதிகம். ஆனால் அங்கே எது யார் கையில் இருக்கிறது, எதற்கு எந்த வாசலில் போய் நிற்க வேண்டும், ஊர் நடக்கப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தமிழில் சொல்ல ஆளில்லை. உலகின் மகிழ்ச்சியான நாடு என்ற கதைக்கு மட்டும் நூறு வீடியோ கிடக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம்.

கௌஸ்தினென், மேற்கு பின்லாந்தில் நடு ஒஸ்த்ரோபோத்னியா மாகாணத்தில் இருக்கிறது. போத்னியா வளைகுடாக் கரையில் உள்ள கொக்கொலா நகரத்திலிருந்து தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெர்ஹோன்யோக்கி ஆறு ஊர் வழியாக ஓடி கொக்கொலா பக்கம் கடலில் சேர்கிறது. மக்கள்தொகை 4,200-ஐ ஒட்டி. பரப்பு 350 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கன்னியாகுமரி மாவட்டம் மொத்தமும் 1,684 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர். நம் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில், நம் கடற்கரையில் ஒரே ஒரு தேவாலயப் பங்கில் இருக்கும் சனம் பரந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சதுர கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு பேர். இங்கே ஆயிரத்து நூறுக்கு மேல்.

வீடுகள் பெரும்பாலும் ஆற்றங்கரையை ஒட்டியும் சாலையை ஒட்டியும் வரிசையாகப் போகும். வீட்டுக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் பைன் காடு, காட்டுக்குள் சதுப்பு. தேசிய நெடுஞ்சாலை 13-ம், சாலை 63-ம் ஊருக்குள் சந்திக்கின்றன. ரயில் கிடையாது, ரயிலுக்குக் கொக்கொலா போக வேண்டும். அங்கிருந்து ஹெல்சிங்கி ஏறத்தாழ நாலு மணி நேரம். விமான நிலையம் பக்கத்து ஊரான க்ரூனுப்யூவில். பஸ் உண்டு, ஆனால் சனி ஞாயிறு அதை நம்பி டியூட்டி எடுக்க முடியாது. கார் இல்லாதவர்கள் வேலை இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பார்ப்பதுதான் புத்தி.

மொழி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தப் பக்கத்தில் அது ஊருக்கு ஊர் மாறும். பின்லாந்தில் பின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டும் தேசிய மொழிகள். ஒரு ஊராட்சியில் சிறுபான்மை மொழிக்காரர்கள் 8 சதவீதமோ 3,000 பேரோ இருந்தால் அது இருமொழி ஊராட்சி. பிறகு 6 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தகுதி போய்விடும். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அரசு பட்டியலைத் திருத்துகிறது. கௌஸ்தினென் முழுக்கப் பின்னிஷ். எல்லையைத் தாண்டி க்ரூனுப்யூவுக்குள் கால் வைத்தால் ஸ்வீடிஷ்தான் பெரும்பான்மை. பெயர்ப்பலகையில் மேலே ஸ்வீடிஷ், கீழே பின்னிஷ். பெரும்பான்மை மொழி மேலே என்பது விதி. 1956-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னும் பின்னும் நடந்ததைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்ட விளவங்கோடு, கல்குளம்காரர்களுக்கு, மொழி எல்லை ஒன்றைச் சத்தமில்லாமல் சதவீதக் கணக்கில் முடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு சுவாரசியமாக இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: கௌஸ்தினெனுக்குப் பின்னிஷ் போதும், ஸ்வீடிஷ் தேவையில்லை. ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எண்பது வயதுப் பாட்டிக்கு எங்கே வலிக்கிறது என்று அவர் பின்னிஷில்தான் சொல்வார், அதுவும் வட்டார வழக்கில்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஊராட்சியை அங்கே குந்தா என்பார்கள். நாடு முழுவதும் முன்னூற்றுச் சொச்சம் குந்தாக்கள். எழுநூறு பேர் இருந்தாலும் குந்தா, ஏழு லட்சம் பேரை நெருங்கும் ஹெல்சிங்கியும் குந்தா, சட்டம் ஒன்றே. நம் பேரூராட்சியையும் கிராம ஊராட்சியையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் தலைகீழாகத் தெரிவது வரி. குந்தாவின் வரி விதிக்கும் உரிமை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஊரில் குடியிருப்பவரின் சம்பளத்தில் இத்தனை சதவீதம் எனக்கு என்று ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே தீர்மானிக்கிறது. மேலிருந்து உச்சவரம்பு கிடையாது. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் நடுவுக்குள் அடுத்த வருஷத்துக்கான விகிதத்தை அறிவித்தாக வேண்டும். சின்ன ஊர்களில் பெரும்பாலும் 7 முதல் 10 சதவீதம். இதற்கு மேல் மத்திய அரசு வருமான வரி தனி. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே சம்பளத்துக்குக் கைக்கு வரும் தொகை வித்தியாசப்படுவது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டிய தேதி டிசம்பர் 31. அன்றைக்கு உங்கள் வீட்டு முகவரி எந்தக் குந்தாவில் பதிவாகியிருக்கிறதோ, அடுத்த வருஷம் முழுவதும் உங்கள் ஊராட்சி வரி அங்கேதான் போகும். ஜனவரி 2-ஆம் தேதி ஹெல்சிங்கிக்கு மூட்டை கட்டினாலும் அந்த வருஷ வரி கௌஸ்தினெனுக்கு. மத்திய அரசு தரும் மானியமும் தலைக்கணக்கில்தான். வயதுவாரியாகப் பிரித்து, பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஆகவே இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்து இறங்கினால் அது குந்தாவின் பட்ஜெட்டில் தெரியும். சின்ன ஊர்க்காரர்கள் புதிதாக வந்தவர்களை வீடு தேடி வந்து விசாரிப்பதற்கு நல்ல மனசு ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம். அதை அவர்களே ஒளிக்காமல் சொல்வார்கள்.

சர்ச் வரி என்று சம்பளச் சீட்டில் ஒரு வரி வந்தால் நம் ஆட்கள் திகைப்பதுண்டு. எவாஞ்சலிக்கல் லூத்தரன் சபையிலோ ஆர்த்தடாக்ஸ் சபையிலோ பதிவு செய்த உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அது; ஒன்றிலிருந்து இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் வரை. வரி அலுவலகமே பிடித்துச் சபைக்குக் கொடுக்கும். இங்கே லூத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதற்காகத் தானாகப் பிடிக்க மாட்டார்கள். அங்கே போய் உறுப்பினராகச் சேர்ந்தால்தான்.

2023 ஜனவரி 1 முதல் ஒரு பெரிய மாற்றம். அதுவரை ஆஸ்பத்திரி, முதியோர் பராமரிப்பு, தீயணைப்பு எல்லாம் குந்தாக்களின் பொறுப்பு. சின்ன ஊர்கள் சேர்ந்து கூட்டமைப்பு வைத்து நடத்தின. கிழவர்கள் கூட, வரி கொடுக்கும் இளவட்டம் குறைய, கணக்கு இடித்தது. இப்போது அவை 21 நலச்சேவை வட்டாரங்களுக்குப் போய்விட்டன; ஹெல்சிங்கி நகரம் மட்டும் தனி. நடு ஒஸ்த்ரோபோத்னியாவின் வட்டாரத்துக்குச் சொய்தே என்று பெயர். எழுபதாயிரம் பேர்கூட இல்லை. நாட்டிலேயே மிகச் சிறிய வட்டாரம். தலைமையும் பெரிய ஆஸ்பத்திரியும் கொக்கொலாவில். இந்தப் பொறுப்பு கை மாறியபோது எல்லாக் குந்தாக்களின் வரி விகிதத்தையும் ஒரே அளவாக 12.64 புள்ளி குறைத்து, அந்தப் பங்கை மத்திய வரியில் ஏற்றினார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் குழம்புவது இங்கேதான். கௌஸ்தினென் முதியோர் இல்லத்தில் வேலை என்றாலும் முதலாளி குந்தா இல்லை. சொய்தேயோ ஒரு தனியார் நிறுவனமோ. சம்பளத்தில் தவறு, ஷிப்ட் தகராறு என்று ஊராட்சி அலுவலகத்தில் போய் நின்றால் அவர்கள் மரியாதையாகக் கொக்கொலாவுக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், நூலகம், விளையாட்டு அரங்கம், கட்டட அனுமதி, நிலத் திட்டம், தெருவிளக்கு ஆகியவை குந்தா. டாக்டர், பல், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, சமூகப்பணி, முதியோர் பராமரிப்பு எல்லாம் சொய்தே. போலீஸ், வரி, நெடுஞ்சாலை அரசு. பிள்ளைப் படி, மருத்துவச் செலவில் திருப்பித் தரும் தொகை போன்றவை கேலா என்ற அரசுச் சமூகக் காப்பீட்டு நிறுவனம். வேலை தேடித் தரும் சேவை 2025 ஜனவரி முதல் அரசிடமிருந்து குந்தாக்களுக்கு வந்திருக்கிறது. ஆனால் குறைந்தது இருபதாயிரம் உழைப்பாளர் இருக்கும் பகுதியாகத்தான் அதை நடத்தலாம் என்பதால், நாலாயிரம் பேர் ஊர் தனியாகச் செய்ய வழியில்லை.

மன்றத்துக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஏப்ரலில் தேர்தல். ஐயாயிரம் பேர் வரை உள்ள ஊரில் மன்றத்தில் குறைந்தது 13 பேர் இருக்க வேண்டும் என்பது சட்டம், வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். மன்றம் ஒரு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அன்றாட நிர்வாகத்துக்கு மேலாளர் ஒருவரை விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, மன்றமே வேலைக்கு எடுக்கும். நம் பேரூராட்சிச் செயல் அலுவலர்போலச் சென்னை உத்தரவில் மாறுதலாகி வருகிறவர் இல்லை. நம்பிக்கை போனால் மன்றம் அவரை நீக்கவும் முடியும்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் இணையத்தில் ஏறிவிடும். இந்த வெளிப்படைத்தன்மைக்கு இதே ஆற்றங்கரையில் ஒரு பூர்வீகம் உண்டு. ஆற்றின் கீழ்ப்பக்கம் உள்ள ஆலவெதெலியில் பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரியாராக இருந்த ஆண்டர்ஸ் சுதேனியஸ்தான் 1766-இல் ஸ்வீடன் ராஜ்யம் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் நின்றவர். அப்போது பின்லாந்து ஸ்வீடனின் பகுதி. அரசு ஆவணத்தை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்பது அந்தச் சட்டத்திலேயே இருந்தது. நமக்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005-இல்தான். இந்தப் பகுதி நூலகங்கள் கூட்டாக நடத்தும் அமைப்புக்கும் ஆண்டர்ஸ் என்றே பெயர். கொக்கொலாவில் இருக்கும் புத்தகத்தைக் கௌஸ்தினெனில் இருந்தபடி கேட்டு வாங்கலாம். நூலக அட்டைக்குப் பணம் கிடையாது.

குந்தாவின் தீர்மானம் பிடிக்கவில்லை என்றால் வழி இப்படி: நிர்வாகக் குழுவின் முடிவானால் 14 நாளுக்குள் மறுபரிசீலனை மனு, மன்றத்தின் முடிவானால் 30 நாளுக்குள் நிர்வாக நீதிமன்றம். ஊரில் குடியிருக்கும் யாரும் யோசனை மனு கொடுக்கலாம், குடியுரிமை தேவையில்லை. இரண்டு சதவீதம் பேர் சேர்ந்து கொடுத்தால் ஆறு மாதத்துக்குள் குந்தா அதைப் பரிசீலனைக்கு எடுத்தே ஆக வேண்டும். கௌஸ்தினெனில் இரண்டு சதவீதம் என்றால் எண்பத்தைந்து பேர்கூட இல்லை. ஒரு சாயங்காலத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம்.

பள்ளிக்கூடம். சட்டப்படி வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் இலவசப் போக்குவரத்து. தூரம் குறைவானாலும் வழி ஆபத்து என்றால் கேட்டு வாங்கலாம். போகவர மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. 13 வயது முடிந்தவர்களுக்கு மூன்று மணி. ஒதுக்குப்புற வீடுகளுக்கு டாக்ஸியே வந்து பிள்ளையை ஏற்றிப் போவது இதனால். மதிய உணவு 1948 முதல் எல்லாப் பிள்ளைக்கும் இலவசம், பணக்காரப் பிள்ளைக்கும் சேர்த்து. காமராஜர் காலத்து மதிய உணவைப் பெருமையாகச் சொல்லும் நமக்கு இது உடனே புரியும். சிக்கல் வருவது பிள்ளைகள் குறையும்போது. ஓரத்துக் கிராமத்துப் பள்ளியை மூடி மையத்துக்குக் கொண்டுவரலாமா என்பதுதான் இப்படிப்பட்ட ஊர்களின் மன்றங்களில் நடக்கும் மிகச் சூடான விவாதம். மூடினால் பணம் மிச்சம். ஆனால் பள்ளி போன கிராமத்தில் இளம் தம்பதி வீடு கட்டுவதில்லை. பத்து வருஷத்தில் வரியும் போய்விடும். கூட்டிக்கழித்துப் பார்த்தால் மூடியவர்கள் பெரிதாக ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது.

சுற்றியுள்ள ஊர்கள் மெலிந்துகொண்டே வர, கௌஸ்தினென் மட்டும் பல பத்தாண்டுகளாக நாலாயிரத்துச் சொச்சத்தில் தாக்குப்பிடிக்கிறது. உல்லாவா என்ற பக்கத்துக் குந்தா 2009-இல் கொக்கொலாவோடு கரைந்தே போனது. கௌஸ்தினெனைப் பிடித்து வைத்திருப்பதில் வயலினுக்குப் பெரிய பங்கு உண்டு.

1968-இல் தொடங்கிய கிராமிய இசைவிழா வருஷந்தோறும் ஜூலையில் ஒரு வாரம் நடக்கிறது. 2021 டிசம்பரில் கௌஸ்தினென் வயலின் வாசிப்பு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. விருதைவிடச் சொல்லித்தரும் முறைதான் கவனிக்கத் தக்கது. இந்த வாசிப்பு கல்யாண வீட்டு நடன இசையிலிருந்து வந்தது. நோட்டுப் புத்தகம் பார்த்துப் படிப்பதைவிடக் காதால் கேட்டு, கூட வாசித்துப் பழகுவதுதான் வழக்கம். வில்லை அழுத்துவதிலும் விடுவதிலும் தாளம் வந்துவிடும். தரையில் காலும் தட்டும். வழக்கமான கூட்டில் இரண்டு மூன்று வயலின், கால்மிதி ஆர்மோனியம், ஆளுயர டபுள் பேஸ். 1946-இல் கோன்ஸ்தா யூல்ஹா தன் குழுவைச் சேர்த்ததிலிருந்து இந்தச் சேர்க்கை நாடு முழுவதும் தெரிந்த ஒன்றானது.

1980-களில் மௌனோ யார்வெலா என்ற ஆசிரியர் உருவாக்கிய நாப்பாரி முறையில், ஒரே பாட்டுக்குச் சுலபத்திலிருந்து கடினம்வரை பல பகுதிகள் எழுதிக்கொள்கிறார்கள். போன மாதம் வயலின் எடுத்த குழந்தை விரலே வைக்காமல் திறந்த தந்தியை மட்டும் தாளத்துக்கு இழுக்கும். இரண்டு வருஷம் ஆனது எளிய துணை ஸ்வரம். பெரிய பிள்ளைகள் மெட்டு. அப்பா அம்மா பேஸ். எல்லாரும் ஒரே மேடையில், முதல் நாளிலிருந்தே. பல வருஷம் தனியாகப் பயிற்சி செய்து பிறகு அரங்கேற்றம் என்ற பேச்சே இல்லை. இங்கே வில்லுப்பாட்டுக்குக் குடமும் உடுக்கும் அடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் காப்பியடிக்கலாம். குடத்தில் தாளம் போடப் பத்து வயதுப் பிள்ளை போதுமே.

இசையை ஊர் ஒரு வேலைவாய்ப்பாகவும் வைத்திருக்கிறது. 1974 முதல் கிராமிய இசை நிறுவனம், 1986 முதல் சம்பளம் வாங்கும் தொழில்முறைக் குழுவான தல்லாரி, இசைக்கென்று சிறப்புப் பணி பெற்ற மேல்நிலைப் பள்ளி. வெளியூர்ப் பதினாறு வயதுப் பிள்ளைகள் இதற்காகவே வந்து விடுதியில் தங்குகிறார்கள். விழா வாரத்தில் ஊர்ச்சனம் தொண்டு வேலைக்கு இறங்கும். அந்த வாரம் அறை எதுவும் கிடைக்காது. முதல் தடவை வருகிறவர்கள் ஜூலையில் வந்து வீடு தேடும் தப்பைச் செய்ய வேண்டாம்.

இன்னொரு பக்கம் மண்ணுக்கு அடியில் லித்தியம். கௌஸ்தினென், கொக்கொலா எல்லையில் ஸ்போடுமீன் என்ற தாது பெக்மடைட் பாறையில் கிடக்கிறது. கெலிபெர் நிறுவனம் ஸ்யுவாயார்வி, ரபசாரி சுரங்கங்களிலிருந்து எடுத்து, தாதுவைச் செறிவாக்கி, கொக்கொலா ஆலையில் பேட்டரிக்கான லித்தியம் ஹைட்ராக்சைடு ஆக்கும் திட்டம். பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவின் சிபான்யே ஸ்டில்வாட்டர் கையில். ஒரு பங்கு பின்லாந்து அரசின் கனிம நிறுவனத்திடம். ஆலைக் கட்டுமானம் 2023-இல் தொடங்கியது.

மணவாளக்குறிச்சியையும் கிள்ளியூரையும் தெரிந்தவர்கள் இதை அலட்சியமாக வாசிக்க முடியாது. இங்கே 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டதிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் மணல் போகிறது. அதில் ஊருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அங்கே அதற்குக் காகிதத்தில் பதில் இருக்கிறது. 2024 முதல் கனிம வரி. அது வந்தபோது 60 சதவீதம் சுரங்கம் இருக்கும் குந்தாவுக்கு, 40 அரசுக்கு என்று பிரித்தார்கள். நிலம் யாருடையதோ அவருக்கு ஹெக்டேருக்கு வருஷம் 50 யூரோவும், உலோகத் தாதுவானால் அதன் மதிப்பில் 0.15 சதவீதமும். தொகை பெரிதா என்றால் இல்லை. சதுப்புநீர், மீன், வெடிச் சத்தம் பற்றிய சண்டைகள் அங்கேயும் உண்டு. ஆனால் பங்கு எவ்வளவு என்று ஒரு ஊர்க்காரர் விரல்விட்டு எண்ண முடிகிறது. சண்டை போட அது ஒரு நல்ல தொடக்கம்.

அதே மாகாணத்தில் லெஸ்தியார்வி என்று எழுநூறு பேர் அளவே உள்ள குந்தா. அங்கே 69 காற்றாலைகள், 455 மெகாவாட். பின்லாந்தின் நிலப்பரப்பில் இருப்பதில் மிகப் பெரியது. முப்பந்தலில் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு எண்ணிக்கை சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த அடித்தளத்துக்கும் கோபுரத்துக்கும் குந்தாவுக்குச் சொத்து வரி வருகிறது. மின்நிலையத்துக்கான விகிதம் 3.10 சதவீதம் வரை போகலாம். முதல் வருஷங்களில் அதிகம், ஆலைக்கு வயது ஏற ஏற இறங்கும். அந்தப் பணத்தை வைத்து நிரந்தரச் செலவை ஏற்றிக்கொண்டால் பின்னால் மாட்டிக்கொள்வார்கள்.

பண்ணை என்றால் பால்மாடு, தீவனப் புல், பார்லி. கூடவே நரி, மிங்க் வளர்க்கும் ரோமப் பண்ணைகள். 2023 கோடையில் இந்தப் பகுதிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் நுழைந்து ஏராளமான விலங்குகளைக் கொல்ல வேண்டி வந்தது. பக்கம் திறந்த கொட்டகைகள் என்பதால் கடற்காகங்கள் தீனிக்கு வந்து நோயைக் கொண்டுவந்தன.

காடு பெரும்பாலும் குடும்பங்களின் சொத்து. நம்ம ரப்பர் ஏழு வருஷத்தில் பால்வெட்டுக்கு வரும், முப்பதுக்குள் மறுநடவு. அங்கே மர நெருக்கத்தைக் குறைக்கும் முதல் கலைப்பு வெட்டே இருபத்தைந்து முப்பது வருஷத்தில். முழு வெட்டுக்கு எழுபது எண்பது. வெட்டுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு வன மையத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சதுப்பு நிலத்தில் மரம் வெட்டுவது குளிர்காலத்தில்தான், தரை உறைந்து இயந்திரத்தைத் தாங்கும்போது. குளிர் சரியாக விழாத வருஷங்களில் மரம் காட்டிலேயே நிற்கும். யாருடைய காடானாலும் பழம் பறிக்கவும் காளான் எடுக்கவும் யாரிடமும் கேட்க வேண்டாம். விற்றால் வருமான வரியும் இல்லை. வீட்டு முற்றத்துக்குள் நுழையக் கூடாது, அனுமதி இல்லாமல் தீ மூட்டக் கூடாது, பாசியும் மரக்கிளையும் எடுக்கக் கூடாது. தூண்டில் மீன்பிடியும் பனித்துளை வழி மீன்பிடியும் இலவசம். சாளை கிடைக்காது, சிலாக்கா என்ற சின்ன வெள்ளி மீன் கடையில் இருக்கும், மிளகாய் போட்டால் மரச்சீனிக்கு ஒத்துப்போகும். மரச்சீனிதான் கிடைக்காது.

காட்டுப் பக்கம் வீடு எடுத்தால் சாலை யாருடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அரசுச் சாலை நாடு முழுவதும் 78,000 கிலோமீட்டர் அளவில். தனியார் சாலைகள் அதைப்போல் பல மடங்கு. தனியார் சாலையை ஓரத்து நிலக்காரர்கள் சங்கமாகக் கூடி, அவரவர் பயன்பாட்டை அலகாகக் கணக்கிட்டுப் பணம் போட்டுப் பராமரிக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவருக்கு நேரடியாகப் பில் வராது, ஆனால் பனி எப்போது தள்ளப்படும் என்பது அந்தச் சங்கம் பேசிவைத்த டிராக்டர்காரரைப் பொறுத்தது. நெடுஞ்சாலைக்கு அரசு ஒப்பந்தக்காரர், ஊர்த் தெருவுக்குக் குந்தா. இரவு பெய்த பனியைத் தள்ளிக்கொண்டு வண்டி போன பிறகு உங்கள் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கரை நிற்கும். அது உங்கள் வேலை. ஈரம் ஏறி இறுகுவதற்குள் வெட்டிவிட வேண்டும். முற்றத்துப் பனியைச் சாலையில் கொட்டுவது சட்டப்படி தப்பு.

குளிர் மைனஸ் இருபது முப்பது வரை போகும் நாட்கள் உண்டு. டிசம்பர் கடைசியில் பகல் நாலரை மணி நேரம்கூட இல்லை. ஜூனில் இருபதுக்கு மேல். காரின் எஞ்சினுக்கு மின்சூடேற்றி இருக்கும், பார்க்கிங் கம்பத்தில் டைமரோடு பிளக் இருக்கும். மைனஸ் ஐந்தில் ஒரு மணி நேரம், மைனஸ் பத்தில் இரண்டு; அதற்கு மேலும் ராத்திரி முழுக்கப் போட்டால் மின்கட்டணம்தான் ஏறும். ஆணி டயர் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை போடலாம். ஊருக்கு ஒரு மாதம் வரும்போது வீட்டுச் சூட்டை அணைத்துவிட்டு வருவது நம் ஆட்கள் சிக்கனம் என்று செய்வது. சுவருக்குள் குழாய் உறைந்து வெடித்தால் வாடகைக்காரர் தலையில் விழும். தண்ணீர் மெயின் வால்வை மூடி, சூட்டைப் பதினைந்து டிகிரியில் விட்டுவிட்டு வர வேண்டும். குழாய் உறைந்துவிட்டால் குழாயைத் திறந்து வைத்து, திறந்த முனையிலிருந்து பின்னோக்கி முடி உலர்த்தியால் சூடு காட்டலாம். நெருப்பு கூடவே கூடாது. உள்ளாடை பருத்தி வேண்டாம், கம்பளி. வியர்வையில் நனைந்த பருத்திதான் குளிரை எலும்புக்கு ஏற்றும். இருட்டில் சாலையோரம் நடக்க ஒளிர்பட்டை கட்டாயம். முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டால்தான் காரின் விளக்கு அதில் படும். அந்தி நேரத்தில் காட்டுச்சாலையில் பெரிய மான் குறுக்கே வரும், ஐந்நூறு கிலோ வரை. இடித்தால் 112-க்குச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

வந்து இறங்கியதும் வரிசை முக்கியம். தனிநபர் எண் குடியிருப்பு அனுமதியோடே வந்திருந்தாலும், மக்கள்பதிவு அலுவலகத்தில் நேரில் போய் இந்தக் குந்தாதான் என் ஊர் என்று பதிய வேண்டும். பாஸ்போர்ட், அனுமதி அட்டை, வேலை ஒப்பந்தம், திருமணமானவர்களுக்கு அதிகாரப்பூர்வச் சான்றளிப்புப் பெற்ற திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. இந்தச் சான்றளிப்பை இங்கிருந்தே முடித்துக்கொண்டு போவது நல்லது. அங்கிருந்து செய்வது மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்தது வரி அட்டை. அது முதலாளி கைக்குப் போகவில்லை என்றால் சம்பளத்தில் 60 சதவீதம் பிடித்துவிடுவார்கள். பிறகு திரும்பி வரும், ஆனால் முதல் மாத வாடகைக்கு உதவாது. பிறகு வங்கிக் கணக்கு, அதோடு இணைய வங்கி அடையாளம். இந்த அடையாளம் இல்லாமல் வரி, கேலா, ஆஸ்பத்திரி நேரம், பள்ளிச் சேர்க்கை எதிலும் இணையம் வழியாக நுழைய முடியாது. வங்கி சில வாரம் இழுப்பது சகஜம், அதனால் முதல் வேலையாக நேரம் வாங்கிவிட வேண்டும். வீடு மாறும்போதெல்லாம், மாறுவதற்கு ஒரு மாதம் முன்பிலிருந்து மாறிய ஒரு வாரத்துக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

குந்தா தேர்தலில் ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 18 வயது முடிந்து, தேர்தல் நாளுக்கு 51 நாள் முன்பு கணக்குப்படி பின்லாந்தில் தொடர்ந்து இரண்டு வருஷம் குடியிருப்பவராகப் பதிவாகியிருந்தால் போதும், வேட்பாளராகவும் நிற்கலாம். கடைசித் தேர்தல் 2025 ஏப்ரல் 13-இல் நடந்தது, அடுத்தது 2029. முன்கூட்டியே ஓட்டுப்போடுவது தேர்தலுக்கு 11 நாள் முன்பு தொடங்கி ஐந்தாவது நாளில் முடியும். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு அதுதான் வசதி. சீட்டில் சின்னம் எதுவும் இருக்காது. நடுவில் ஒரு வட்டம் மட்டும். சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து வேட்பாளரின் எண்ணை அதற்குள் தெளிவாக எழுதி, மடித்து, முத்திரை குத்த நீட்ட வேண்டும். ஒன்றும் ஏழும் குழம்பாமல் எழுத வேண்டும்.